நிழல்வழிப் பெயர்ச்சி: மாமல்லபுரத்தில் குடும்பங்களின் இயக்கம் குறித்த ஆராய்ச்சி

மாமல்லபுரத்துக்குக் குடும்பத்தோடு வருவோர் எந்தச் சிற்பத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்பர் என்பதைத் தீர்மானிப்பது சிற்பத்தின் சிறப்போ அதைச் செய்வித்த பல்லவனின் புகழோ அன்று, அவ்விடத்தில் அவ்வேளையில் கிடைக்கும் நிழலே என்பது இக்கட்டுரையின் துணிபு. இதனை 'நிழல்வழிப் பெயர்ச்சி' எனலாம். அதாவது, மூத்தோர், குழந்தைகள், சோற்றுப் பை ஆகிய மூன்றும் அடங்கிய ஒரு குழு, வெயில் ஏற ஏற ஒரு நிழலிலிருந்து அடுத்த நிழலுக்கு இடம்பெயர்வதும், இடையில் எதிர்ப்படும் வரலாற்றை நடந்தபடியே கண்டுசெல்வதும் ஆகும். புதுமணத் தம்பதியர் வெயிலை உணர்வதில்லை ஆதலின் இவ்வாய்வின் எல்லைக்குப் புறம்பானவர்.

நிழலன்று, நுழைவுச்சீட்டே குடும்பத்தை இயக்குகிறது என்று மறுப்பாரும் உளர். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டு வழங்கப்படுவதாலும், 15 வயதுக்கு உட்பட்டோருக்குக் கட்டணம் இல்லாமையால் சீட்டுச் சாளரத்தின் முன் மீசை அரும்பிய பிள்ளைகளும் திடீரென 14 வயதை எய்துவதாலும், அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும் சீட்டு ஒரு குடும்பத்தை உள்ளே அனுப்ப வல்லதேயன்றி உள்ளே நிறுத்த வல்லதன்று என்பதற்கு ஐந்து ரதங்களே சான்று. ஒவ்வொன்றும் ஒரே கல்லில் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டு, முற்றுப்பெறாமல் விடப்பட்ட இந்த 7ஆம் நூற்றாண்டுப் படைப்புகள் திறந்த மணல்வெளியில் நிற்கின்றன. இவற்றுக்கும் பாண்டவருக்கும் தொடர்பில்லை. அவர்களைச் சுட்டும் பெயர்கள் பிற்காலத்தார் இட்டவை. ஆயினும் வீமன் ஏறியது எது என்று தாத்தா விளக்கத் தொடங்கி, அருச்சுனனை அடையும் முன்பே யானைச் சிலையருகே ஒரு படம் எடுத்துக்கொண்டு குடும்பம் வாயிலை நோக்கித் திரும்பிவிடுகிறது.

பெரும்பாறைச் சிற்பமாகிய 'அருச்சுனன் தபசு' கிழக்கு நோக்கியது. முற்பகல் வெயில் முழுவதும் அதன்மேல் விழுவதால், பார்ப்போர் முதுகும் உடன் காய்கிறது. அது பகீரதன் தவமே என்று அறிஞர் நெடுங்காலமாக வழக்காடி வருகின்றனர். குழந்தைகளோ, யானையின் காலருகே பின்னங்கால்களில் நின்று தவம் செய்யும் பூனையையும் அதனை நம்பி நிற்கும் எலிகளையும் கண்டதோடு அவ்வழக்கை முடித்துக்கொள்கின்றனர். சிற்பியின் சார்பாக இதைவிட நல்ல தீர்ப்பு வேறில்லை எனலாம்.

அதற்கு அடுத்துள்ள கிருட்டிண மண்டபமே இவ்வாராய்ச்சியின் மையம். இந்திரன் பெய்வித்த பெருமழையிலிருந்து ஆயரையும் ஆநிரையையும் காக்கக் கண்ணன் கோவர்த்தன மலையைக் கையால் தாங்கி நிற்க, அதன்கீழ் ஒருவன் பால் கறக்கிறான், பசு கன்றை நக்குகிறது, ஒருவன் குழலூதுகிறான், ஒருத்தி தலைச்சுமையோடு நிற்கிறாள். மலையொன்று தலைக்குமேல் நிற்பது குறித்து எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஒதுங்க ஓர் இடம் கிடைத்துவிட்டால் குடும்பம் தன் அன்றாட வேலையைத் தொடரும் என்னும் உண்மையைப் பல்லவச் சிற்பி இங்ஙனம் கல்லில் எழுதிவைத்தான். ஆனால் அச்சிற்பத்தையோ வெயிலிலேயே விட்டான். அதன் முன்னுள்ள தூண் மண்டபம் விசயநகரக் காலத்தில் எழுப்பப்பட்டது. பல்லவர் ஒதுக்கிடத்தின் உருவத்தைத் தந்தனர், விசயநகரத்தார் ஒதுக்கிடத்தையே தந்தனர் என இருவர் பங்கையும் பிரித்தறிதல் வேண்டும். இன்று பாட்டி 'காலை நீட்டிக்கொள்கிறேன், நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள்' என்று பைகளோடு அமர்ந்துவிடும் இடம் அதுவேயாகலின், இரண்டாம் பங்கே பயன்பாட்டில் முந்துகிறது. அங்ஙனம் அமர்ந்தவர், பார்க்கச் சென்ற அனைவரையும்விட நெடுநேரம் பல்லவச் சிற்பத்தின் எதிரே இருந்தவராகிறார் என்பதும் கருதத்தக்கது.

சற்று வடக்கே சரிவில் உருளாமல் நிற்கும் கண்ணனின் வெண்ணெய் உருண்டை, ஏறத்தாழ 250 டன் எடையுள்ளது எனக் கூறப்படும் பாறை. இதனடியில் நின்று கைகளை உயர்த்தி, பாறையைத் தாமே சுமப்பதுபோல் படமெடுத்துக்கொள்ளும் வழக்கத்தை இங்குத் 'தாங்குநிலை' என்போம். கோவர்த்தனச் சிற்பத்தை ஐந்து நிமிடம்கூடப் பார்க்காத குடும்பத் தலைவரும் அதே கோலத்தைப் பிழையின்றி மேற்கொள்வது வியப்பிற்குரியது. வேறுபாடு ஒன்று உண்டு: கண்ணனுக்கு ஒரு கை போதுமானதாக இருந்தது, இவர்க்கு இரு கைகளும், முகத்தில் சிறிது வேதனையும் வேண்டியுள்ளன. அதே நேரத்தில் பாறையின் மறுபக்கத்து நிழலில் வேறொரு குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும். எனவே தாங்குவோரும் தங்குவோரும் கூடிய முழுச் சிற்பமும் நாள்தோறும் இங்கு மீண்டும் நிகழ்கிறது.

கடற்கரைக் கோயிலை எப்போது காண்பது என்பதில் மட்டும் குடும்பத்துக்குள் உடன்பாடு இருப்பதில்லை. கடலைக் கண்ட நொடியிலேயே குழந்தைகள் தொடங்கும் 'கரைக்கெஞ்சல்', அதாவது வேறெதையும் பாராமல் அலைக்குச் செல்லவேண்டும் என்னும் இடைவிடா வேண்டுகோள், காலையிலேயே அங்குச் செல்லத் தூண்டும். ஆனால் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த அக்கோயிலின் நிழல் பிற்பகலில்தான் கடல்பக்கம் சாய்கிறது. இரு சிவன் சந்நிதிகளுக்கும் நடுவே பள்ளிகொண்டிருக்கும் திருமாலைத் தாத்தா பொறாமையோடு பார்ப்பதும் அவ்வேளையிலேயே. காலையில் கோயிலைப் பின்னால் வைத்துக் கடலைப் பார்த்து நின்று எடுத்த படங்களில், எழுஞாயிற்றின் எதிரே குடும்பம் முழுவதும் கண்ணை மூடியிருப்பதால், பிற்பகல் கட்சியே வலியுடைத்து என்க.