சுடலைமாடனும் சாஃப்ட்வேர் அப்டேட்டும்

ஸ்டார்ட்டே ஆகாத வண்டியோடு எப்படியோ குடும்பம் நடத்திவிடலாம். ஸ்டார்ட் ஆகி, ஆளையும் ஏற்றிக்கொண்டு, நாலு தெரு தள்ளிப் போய் நிற்கிற வண்டிதான் மானத்தை வாங்கும்.

எங்கள் அப்பா வைத்திருந்த எஸ்டி 250 அந்த ஜாதி. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி ஜாவா என்ற பெயரை விட்டுவிட்டு, 1973 முதல் எஸ்டி என்று விற்ற வண்டி. அப்பா கைக்கு அது வந்தபோதே இரண்டு வீடு பார்த்திருந்தது. இரட்டை சைலன்சர். கிக்கர்தான் கியர், உதைத்து முடித்ததும் அதே கம்பி முன்னால் திரும்பி கியர் லீவராகிவிடும். பங்கில் பெட்ரோலோடு ஆயிலையும் அளந்து ஊற்றச் சொல்லி, டேங்கை இரண்டு குலுக்குக் குலுக்க வேண்டும். இத்தனை சம்பிரதாயத்தையும் முடித்துக்கொண்டு பாளையங்கோட்டையில் எங்கள் தெருவை விட்டுக் கிளம்பினால், சுடலைமாடன் கோயில் முக்கு வரை சிங்கம்போல் போகும். முக்கில் திணறும். இரண்டு முறை இருமும். நின்றுவிடும்.

ஒரு நாள், இரண்டு நாள் என்றால் தற்செயல். தினமும் அதே முக்கு. வேறு எங்கே நின்றிருந்தாலும் மெக்கானிக்கிடம் போயிருப்போம். மாடன் எதிரில் நின்றதால் பூசாரியிடம் போனோம். ஒரு சூடம் கொளுத்தி, முன் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, அப்பா கிக்கரை உதைத்தால் வண்டி எடுத்துவிடும்! ஊர் நம்பாமல் என்ன செய்யும்? சூடம் அணைகிற வரை வண்டிக்கு ஓய்வு கிடைத்தது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

தெருவில் நாத்திகர்களும் உண்டு. அவர்கள் வைத்தியம் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் கண்டென்சர்தான் என்று அடித்துச் சொன்னார். பட்டாளத்தில் எந்த வண்டி நின்றாலும் கண்டென்சர்தானாம். கணக்கு வாத்தியார் ஆயில் அதிகம் என்றார், எதிர்வீட்டுக்காரர் ஆயில் கம்மி என்றார். ஸ்கூட்டரைச் சாய்க்கிற வழக்கத்தில் ஒருவர் எஸ்டியையும் சாய்த்து, அரை லிட்டர் பெட்ரோலைத் தெருவுக்கு வார்த்தார். அந்தக் காலத்தில் வண்டி நின்றால் தனியாக நிற்க விடமாட்டார்கள் என்று இப்போது உருகுகிறவர்கள் உண்டு. உண்மைதான். போகவும் விடமாட்டார்கள்.

கடைசியில் மேலப்பாளையத்து பாய் ஒருவரிடம் தள்ளிக்கொண்டு போனோம். கடைக்குப் போர்டு கிடையாது, உட்கார பெஞ்சு கிடையாது. அவர் வண்டியைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டார்.

“சட்டுனு நிக்கா, திணறித் திணறி நிக்கா?”

“திணறித்தான் பாய்.”

“எவ்வளவு நேரம் கழிச்சு எடுக்கு?”

“ஒரு சூடம் எரியுற நேரம்.”

பாய் சிரிக்கவில்லை. “சட்டுனு நின்னா கரண்டு. திணறி நின்னா பெட்ரோல். மாடன் மேல பழி போடாதிய அண்ணாச்சி” என்றார் அப்பாவிடம்.

கார்பரேட்டரில் இருந்து பெட்ரோல் டியூபை உருவி, டீ கிளாசுக்குள் விட்டு, டேப்பைத் திறந்தார். முதலில் ஓட்டமாக வந்தது. பிறகு நூலாக. பிறகு சொட்டு. டேங்க் மூடியைத் திறந்துவைத்து மறுபடி பார்த்தார், அப்போதும் சொட்டுதான். “மூடியத் திறந்ததும் ஓட்டம் வந்தா மூடி ஓட்டை அடைச்சிருக்குன்னு அர்த்தம். டேங்குக்குள்ள காத்து போனாத்தான் பெட்ரோல் வெளிய வரும். இங்க அது இல்ல. டேப்பு” என்றார். டேப்பைக் கழற்றினால், அதன் தலையில் இருந்த சல்லடைமேல் டேங்க் துரு செம்மண் மாதிரி அப்பிக் கிடந்தது.

மர்மம் அவ்வளவுதான். கார்பரேட்டர் கிண்ணத்தில் தேங்கியிருக்கிற ஒரு மடக்கு பெட்ரோலில் வண்டி ஓடுகிறது. அது தீர்கிற வேகத்துக்குச் சொட்டு ஈடுகொடுப்பதில்லை. கிண்ணம் காலியாகிற தூரமும், எங்கள் வீட்டிலிருந்து மாடன் கோயில் தூரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. சூடம் எரிகிற நேரத்தில் கிண்ணம் மறுபடி நிரம்பும். டேங்குக்குள் பொடி ஜல்லியும் மண்ணெண்ணெயும் போட்டு, நானும் பாயின் கையாளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தோள் கழலுகிற வரை குலுக்கினோம். வழித்து ஊற்றினால் காப்பி நிறத்தில் வந்தது. வண்டி சரியாயிற்று. பூசாரிக்குத்தான் வருத்தம்.

இப்போது என்னிடம் இருக்கிற வண்டிக்கு டேப்பும் இல்லை, கார்பரேட்டரும் இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு, டேங்குக்குள் மோட்டார் உட்கார்ந்து பெட்ரோலை அழுத்தி அனுப்புகிறது. எவ்வளவு பீய்ச்சுவது என்பதை ஒரு கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. உதைக்கவே வேண்டாம், பித்தானைத் தொட்டால் போதும். ஒரு சர்வீஸ் முடிந்து வந்த பிறகு, இந்த அறிவாளியும் ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச தூரம் போய், திணறி நிற்கத் தொடங்கியது.

தெருவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப்பில்தான் சொன்னார்கள், ஒரே குரலில்: எத்தனால். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க ஆரம்பித்த பிறகு, எல்லாக் கோளாறுக்கும் பழைய கண்டென்சரின் இடத்தில் அது வந்து உட்கார்ந்துவிட்டது.

சர்வீஸ் சென்டரில் ஏசி, சோபா, காப்பி மெஷின் எல்லாம் உண்டு. டி-ஷர்ட் போட்ட தம்பியும் கேள்வி கேட்டார்: எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது, எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டாச்சா. சட்டென்று நின்றதா, திணறி நின்றதா என்பதற்கு அவர் படிவத்தில் கட்டம் இல்லை. சீட்டுக்கு அடியில் ஒயரை மாட்டி டேப்லெட்டைப் பார்த்தார்.

“எரர் எதுவும் காட்டல சார்.”

“நிக்குதே தம்பி.”

“சிஸ்டம்ல காட்டல சார். சாஃப்ட்வேர் அப்டேட் ஒண்ணு போட்டுத் தர்றோம் சார்.”

போட்டுத் தந்தார்கள். வண்டி ஓடியது. மறுநாள் போனில் ஒரு பெண் பத்துக்குப் பத்து போடச் சொல்லிக் கெஞ்ச, நானும் போட்டேன். அடுத்து டேங்க் நிரப்பிய அன்று, பழையபடி நடுரோட்டில் நின்றது. டேங்க் நிறைய இருக்கும்போதுதான் சீக்கிரம் நிற்கிறது. பாதி டேங்கில் நெடுந்தூரம் ஓடுகிறது. மேலப்பாளையத்து பாய் நினைவுக்கு வந்தார். ஓரமாக நிறுத்தி மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. பித்தானைத் தொட்டேன், எடுத்துவிட்டது.

இன்றைய டேங்குகள் மூடி ஓட்டை வழியாக நேராக மூச்சு விடுவதில்லை. பெட்ரோல் ஆவி வெளியே போகக் கூடாது என்பதற்காக, ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாகக் கரி நிரப்பிய டப்பாவோடு டேங்கைச் சேர்த்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. சர்வீஸில் டேங்கைக் கழற்றி மாட்டியபோது அந்தக் குழாய் டேங்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டி அப்பளமாகியிருந்தது. காற்று உள்ளே போகாவிட்டால் எப்பேர்ப்பட்ட மோட்டாரும் இழுக்கத் திணறும். டேங்க் நிறைந்திருந்தால் மேலே காற்றுக்கு இடம் குறைவு, வெற்றிடம் சீக்கிரம் உண்டாகும். நசுங்கிய குழாய் ஒயர் இல்லை, அதனால் டேப்லெட்டுக்கு அது தெரியவில்லை. அப்டேட் போட்ட அன்று வண்டி ஏன் ஓடியது என்றால், டேங்க் அன்று பாதிதான் இருந்தது. டேப்லெட்டை மாட்டிய தம்பிமேல் குறை சொல்ல மனம் வரவில்லை. சூடம் கொளுத்திய பூசாரியும் நல்ல மனிதர்தான்.

உங்கள் வண்டியும் ஸ்டார்ட் ஆகிக் கொஞ்ச தூரத்தில் திணறி நின்றால், தள்ளுவதற்கு முன்னால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு வண்டி மறுபடி ஓடினால், மூச்சுக் குழாயைத் தேடுங்கள். இழுக்காவிட்டால் ஃபில்டர், பம்ப் என்று போக வேண்டியதுதான். திணறாமல் சட்டென்று அணைந்தால், மூடியை விட்டுவிட்டு ஒயர், காயில், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் பக்கம் பாருங்கள். திறக்கிறபோது வாயில் சிகரெட் இருக்கக் கூடாது.