கண்ணாடி விறாந்தைக்கு என்ன கலர்?

கிளிநொச்சியில் கண்ணாடியால் அடைத்த விறாந்தை வைத்திருக்கிறேன் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் வட்டக்கச்சிப் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள், மறைக்க வழியில்லை. யோசனை ஸ்காபறோவில் இருக்கிற மூத்தவனுடையது. அங்கே வீட்டோடு ஒட்டிக் கண்ணாடி அறை போட்டு, வெளியே பனி கொட்டக் கொட்ட உள்ளே இருந்து கோப்பி குடிக்கிறார்களாம். "அப்பா, நீங்களும் அப்பிடி இருந்து ரீ குடியுங்கோவன்" என்று காசு அனுப்பிவிட்டான். சித்திரை வெயிலில் அதற்குள் வைத்த ரீ ஆறுவதற்குச் சந்தர்ப்பமே இல்லை என்பது அவனுக்கு மறந்துபோயிற்று.

வெள்ளைக்காரன் கண்ணாடி வீடு கட்டியதில் நியாயம் இருந்தது. தோடையும் எலுமிச்சையும் குளிரில் செத்துப்போகாமல் இருக்க ஒரு கூடு வேண்டும். லண்டன் கியூ தோட்டத்தில் 1848இல் கட்டி முடித்த பனை மாளிகை இன்றைக்கும் நிற்கிறது. பனை இனங்களுக்கென்றே இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பிய அரண்மனை. அந்தக் குளிர் நாட்டிலேயே வெயில் கூடிவிடும் என்று பயந்து, முதலில் போட்ட கண்ணாடிக்குச் செம்பு சேர்த்துப் பச்சை நிறம் ஏற்றினார்கள். எங்கள் வேலியோரப் பனைகளுக்கு ஒருவரும் கண்ணாடி போடவில்லை. கோடிக்குள் தேசி தன்பாட்டில் காய்க்கிறது. கண்ணாடிக்குள் வைத்து வளர்க்க மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான்.

வெல்டிங் கடையில் இருந்து இரும்புச் சட்டங்கள் வந்து இறங்கியதும் கலர்ப் பிரச்சினை தொடங்கியது. வீட்டில் அந்த விஷயத்தில் வாய் திறக்கத் தகுதி உள்ளவன் நானே என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவன் அல்லவா? சித்திர ரீச்சர் மாற்றலாகிப் போக, சமூகக்கல்வி வாத்தியாரான என் தலையில் அதிபர் கட்டிவிட்ட பாடம் அது என்பது வேறு கதை. நிறச்சக்கரத்தை வெள்ளைச் சோக்கினால் மட்டுமே கீறி விளங்கப்படுத்திய ஒரே ஆசிரியன் எங்கள் வலயத்தில் நானாகத்தான் இருப்பேன்.

எங்கள் சனத்துக்கு நிறம் தெரிவுசெய்து பெரிய பழக்கமும் இல்லை. தொண்ணூறுகளில் வன்னிக்குள் சீமெந்து வரவே தடை. மண்சுவர், சாணி மெழுக்கு, கிடுகு. நிலைக்கும் வேலிக்கட்டைக்கும் கறையான் ஏறாமல் கழிவு ஒயில் பூசுவோம். அதில் ஒரே ஒரு கலர்தான் உண்டு. 2009க்குப் பிறகு திரும்பி வந்து குடியேறியபோது, தந்த தறப்பாள் என்ன நிறமோ அதுவே வீட்டின் நிறம். பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. 550 சதுர அடி, 550,000 ரூபா, கட்டம் கட்டமாகக் காசு. அதில் கல்வீடு எழும்பியதே பெரிய காரியம் என்று சுண்ணாம்போடு திருப்திப்பட்டவர்கள் நாங்கள். அப்படிப்பட்டவன் முன்னால் ஹாட்வெயார்க் கடைப் பெடியன் கலர் அட்டையை விசிறிபோல விரித்தான். வெள்ளையிலேயே பத்துப் பதினைந்து வகை. என் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். அப்போதும் எல்லாம் வெள்ளையாகவே இருந்தன.

நான் பச்சை என்றேன். பக்கத்து வளவுக்காரர் மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார். "சேர், பச்சை யானைக் கட்சியெல்லோ? கடும்பச்சை எண்டா காம்ப் எண்டு நினைச்சுப்போடுவினம்." நீலம்? கைச் சின்னம். சிவப்பு? மணிச் சின்னம், அல்லது சி.ரி.பி. பஸ். சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடித்தால் கோயில் மதில். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு வருவார்கள். அப்படியென்றால் சிவப்போடு மஞ்சள் என்று வாய் எடுத்தேன். மாமா வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "அது ரெண்டையும் பக்கத்திலை பக்கத்திலை வையாதையும் தம்பி." ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. இவ்வளவு காலமாக வீட்டுச் சின்னத்தில் வோட்டுக் கேட்கிற தமிழரசுக் கட்சியாவது அந்த வீட்டுக்கு என்ன கலர் அடிப்பது என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருக்கலாம்.

மூத்தவன் வட்ஸ்அப்பில் வந்தான். "அப்பா, இப்ப இஞ்சை எல்லாரும் கறுப்புத்தான் அடிக்கினம்." பங்குனி மத்தியானத்தில் கறுப்பு இரும்பைத் தொட்டுப் பார்த்தவன் அப்படிச் சொல்லமாட்டான். கறுப்பு வெயிலை முழுதாகக் குடிக்கும், இரும்பு சூட்டில் நீளும், கண்ணாடியைப் பிடித்திருக்கிற பசை வெடிக்கும். இவ்வளவையும் விளக்கினேன். "சரி, மனம்போலை செய்யுங்கோ" என்றான். யாருடைய மனம் என்று அவனுக்கும் தெரியும். மனைவிக்குப் பிடித்தது கிறீம் கலர். அதைத் துடைக்கப்போவது யார் என்று கேட்டேன். அவ என்னையே பார்த்தா. அந்த யோசனையை நான் அதற்குமேல் வளர்க்கவில்லை.

இதற்கிடையில் பெயின்ற் அடிக்க வந்த தம்பி எங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சான்ட்பேப்பரால் கறளை உரஞ்சி, பழைய பால்மா ரின்னில் ரெட் ஒக்சைட்டையும் தின்னரையும் கலக்கி, முதல் கோட்டை அடித்துவிட்டு, "கலரை முடிவெடுத்திட்டுச் சொல்லுங்கோ சேர்" என்று போய்விட்டான். நாங்கள் முடிவெடுக்கவில்லை. கச்சான் காற்று எழும்பியது. வன்னிக் கச்சானைத் தெரியாதவர்களுக்குச் சொன்னால் விளங்காது: ரோட்டுச் செம்மண் முழுதும் எழும்பி வீட்டுக்குள் வந்து, சோற்றுப் பானையை விசாரித்துவிட்டுத்தான் போகும். வெள்ளைப் பூனை செம்பூனையானது. கண்ணாடி மங்கியது. சட்டங்கள் மட்டும் அப்படியே இருந்தன.

காரணம் சின்ன இரசாயனம். ரெட் ஒக்சைட் பூச்சுக்கு நிறம் கொடுப்பது இரும்பு ஒக்சைட்டு. எங்கள் செம்மண்ணைச் சிவப்பாக்கியதும் அதே சாமான். இந்தச் செம்மண்ணுக்கும் பரலுக்கும் புவியியல்காரர் வைத்திருக்கிற பெயரே இரணைமடுப் படிவு. புழுதி படியாமல் இல்லை, படிந்தது தெரியவில்லை.

"இஞ்சாருங்கோ, உதையே அடியுங்கோவன்" என்றா மனைவி. உடனே நான் படித்தவனாகிவிட்டேன். சான் பிரான்சிஸ்கோவில் 1937இல் திறந்த கோல்டன் கேற் பாலத்துக்குக் கடற்படை கறுப்பு மஞ்சள் வரி கேட்டது, விமானப்படைக்காரர் சிவப்பு வெள்ளை வரி கேட்டார்கள், கட்டடக் கலைஞர் இர்விங் மொறோவோ இரும்பில் ஏற்கெனவே பூசியிருந்த முதல் கோட்டுச் சிவப்பைப் பார்த்து மயங்கி அதையொட்டிய செம்மஞ்சளையே நிற்க வைத்தார் என்று ஒரு பிரசங்கம் செய்தேன். "அங்கையும் உந்தப் புழுதியோ?" என்று கேட்டா. இல்லை, மூடுபனி என்றேன். "அப்ப அவைக்கு என்ன கஷ்டம்?" என்றுவிட்டு உள்ளே போய்விட்டா.

முதல் கோட்டை அப்படியே விட ஏலாது என்று தம்பி சொன்னான். அது கறளை மறிக்கத்தான். மழைக்கும் வெயிலுக்கும் மேலே எனாமல் வேண்டும். சரி என்று கடையில் மெஷினில் கலக்கி, ரெட் ஒக்சைட் போலவே தோன்றுகிற எனாமலை, ரெட் ஒக்சைட்டைவிடக் கூடின விலை கொடுத்து வாங்கி அடித்தோம். ஈரத்தில் கச்சான் தன் பங்கையும் தூவியது. இப்போதும் விரலால் தடவினால் சுரசுரக்கும். படம் எடுத்து மூத்தவனுக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது: "பிறைமர் நல்லா இருக்கு அப்பா. பெயின்ற் எப்ப அடிக்கப் போறியள்?"

வன்னியில் கிறிலுக்கோ கேற்றுக்கோ பெயின்ற் அடிக்க நினைப்பவர்கள் மாசி, பங்குனியில் அடியுங்கள். மாரி ஓய்ந்து இரும்பு காய்ந்திருக்கும், கச்சான் இன்னும் எழும்பியிருக்காது. வெளிநாட்டுக்குப் படம் அனுப்புவதென்றால், பெயின்ற் ரின்னையும் பக்கத்தில் வைத்து எடுங்கள்.