மணற்குழியியல்: ஒரு தொடக்கநிலை ஆராய்ச்சி

பந்தை அடிக்காமல் விட்டதற்காக ஒருவரைப் பாராட்டும் இடம் விளையாட்டு உலகில் அரிது. கோல்ஃப் மைதானத்தில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. துளை அமைந்த புல்தரையான கிரீனை ஒட்டி மணல் நிரம்பிக் கிடக்கும் குழி, பெயர் பங்கர். அதற்குள் விழுந்த பந்தை வெளியேற்ற விரும்புபவர் பந்தைத் தொடவே கூடாது. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலில் மட்டையை இறக்க வேண்டும். மணல் கிளம்பும், மணலோடு பந்தும் கிளம்பும். மட்டைக்கும் பந்துக்கும் கடைசிவரை அறிமுகமே நடக்காது.

கிரிக்கெட்டில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விட்டுவிடுபவரையும் பாராட்டுவார்களே எனின், அற்றன்று. அங்கே விட்ட பந்து விக்கெட் கீப்பரிடம் போகிறது. இங்கே விட்ட பந்து கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் போய் விழ வேண்டும். இரண்டும் ஒன்றல்ல என்க.

ஆய்வுப் பொருளை முதலில் அளந்துகொள்வது மரபு. பந்தின் எடை 45.93 கிராமுக்கு மிகக் கூடாது, குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அது போய்ச் சேர வேண்டிய துளையின் அகலம் 108 மில்லிமீட்டர். மூன்றாவதாக ஒரு மனிதர். இவருக்கு அளவு ஏதும் விதிக்கப்படவில்லை. எல்லாச் சிக்கலும் இவரிடமிருந்தே தொடங்குகின்றன.

பங்கர் எந்தத் திணைக்கு உரியது? மணல் என்றதும் பாலை என்று முடிவு கட்டுவார் உளர். அது பொருந்தாது. கோல்ஃப் வளர்ந்தது ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே, வேறெதற்கும் உதவாத மணல்மேட்டுப் புல்வெளியில். ஆகவே நிலம் நெய்தல். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பங்கருக்குள் இறங்கி மூன்றாவது முறை மட்டையை ஓங்குபவரின் முகத்தைப் பார்த்தால், பழைய இலக்கணம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்பது விளங்கும். நெய்தலுக்குச் சொல்லப்பட்ட பொழுது எற்பாடு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இலக்கணம் தளர்கிறது. பங்கரில் இரங்கலுக்கு விடிகாலையும் உகந்த பொழுதே.

கருப்பொருளில் ஒரு குழப்பம் உண்டு. முதல் பங்கர்களை உருவாக்கியது மனிதன் அல்ல, செம்மறி ஆடு என்பர். கடற்காற்றுக்கு ஒதுங்க ஆடுகள் மேட்டின் மறைவில் படுத்தன. படுத்துப் படுத்துப் புல் தேய்ந்தது. மணல் வெளியே தெரிந்தது. காற்று குழியைப் பெரிதாக்கியது. ஆடோ முல்லை நிலத்தது. நெய்தலில் முல்லையின் விலங்கு வந்து கட்டடப் பணி செய்திருப்பதைத் திணை மயக்கம் என்று கொள்க. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில் இன்று 112 பங்கர்கள் இருக்கின்றன. அவற்றுள் 14ஆம் குழிப் பாதையில் இருப்பதற்கு நரகம் என்றே பெயர். 1995 பிரிட்டிஷ் ஓப்பனில் ஜாக் நிக்லாஸ் அதற்குள் இறங்கினார். 14ஆம் குழியை முடிக்க அவருக்குப் பத்து ஸ்ட்ரோக் ஆனது. பதினெட்டு மேஜர் பட்டம் வென்றவருக்கே இந்த மரியாதை.

கடலே இல்லாத ஊர்களிலும் பங்கர் இருக்கிறதே எனின், அவை வரவழைத்த நெய்தல். ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா மைதானத்தில் கண் கூசும் வெள்ளை மணல், வட கரோலினாவின் ஸ்ப்ரூஸ் பைன் மலைப்பகுதியிலிருந்து வருகிறது. ஃபெல்ட்ஸ்பார் தோண்டும்போது மிஞ்சும் குவார்ட்ஸ் அது. அதே பகுதியின் மிகத் தூய குவார்ட்ஸில்தான் கணினிச் சிப்புகளுக்கான சிலிக்கானை உருக்கும் கலங்கள் செய்கிறார்கள். மனித அறிவைப் பெருக்கும் பொருளும் மனித அறிவைச் சோதிக்கும் பொருளும் ஒரே மண்ணில் விளைவது ஆராய்ச்சிக்குரியது. அதை வேறொருவர் செய்யட்டும். (இங்கிலாந்தின் ராயல் ஆஷ்டவுன் ஃபாரஸ்ட் மைதானத்தில் ஒரு பங்கர்கூட இல்லை. இவ்வாய்வின் எல்லைக்குள் அது வராது.)

இனிக் கருவி. 1930கள் வரை மணலிலிருந்து பந்தை எடுக்க நிப்ளிக் என்னும் மட்டையைப் பயன்படுத்தினார்கள். அதன் முன்விளிம்பு மெலிந்தது. மணலில் பட்டதும் மண்வெட்டிபோல் உள்ளே இறங்கி அங்கேயே தங்கிவிடும். ஹூஸ்டனைச் சேர்ந்த எட்வின் கெர் மெக்லெய்ன் என்பவர் முகம் குழிந்த ஒரு மட்டையைச் செய்து 1928இல் காப்புரிமை பெற்றார். நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்ற 1930இல், ஹோய்லேக் மைதானத்தில் பாபி ஜோன்ஸ் அப்படியொரு மட்டையைப் பயன்படுத்தினார். குழிந்த முகம் பந்தை இரண்டு முறை தொட்டுவிடும் என்பதால் 1931இல் அதற்குத் தடை வந்தது.

அடுத்து வந்தவர் ஜீன் சாரசன். விமானம் ஓட்டப் பழகிய காலத்தில் அவர் ஒன்றைக் கவனித்தார்: விமானத்தின் வால் தாழ்ந்தால் மூக்கு நிமிர்கிறது. மட்டையின் வாலையும் தாழ்த்தினால் என்ன? புளோரிடாவில் ஒரு பட்டறையில் உட்கார்ந்து நிப்ளிக்கின் அடிப்பாகத்தில் ஈயத்தை உருக்கி ஒட்டினார். இப்போது மணலில் முதலில் படுவது கூரிய முன்விளிம்பல்ல, தடித்த பின்விளிம்பு. மட்டை புதையாமல் வழுக்கிக்கொண்டு முன்னேறியது. 1932இல் இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் நடந்த ஓப்பனுக்கு அதை எடுத்துப்போனபோது, அதிகாரிகள் கண்ணில் பட்டால் முன்கூட்டியே தடை போட்டுவிடுவார்கள் என்று பயந்து பையில் தலைகீழாகச் செருகி மறைத்து வைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 283 ஸ்ட்ரோக்கில் முடித்து, ஐந்து ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் பட்டம் வென்றார். அறிவியல் வரலாற்றில் கண்டுபிடிப்பைத் தலைகீழாக மறைத்து வைத்து அரங்கேற்றியவர்கள் வேறு யாரும் உண்டா என்பதை வாசகர்கள் யோசிக்கலாம்.

இந்தப் பின்விளிம்புத் தாழ்வுக்குத்தான் பவுன்ஸ் என்று பெயர். டிகிரியில் அளக்கிறார்கள். பொதுபொதுவென்ற ஆழ மணலுக்குப் பத்து முதல் பதினான்கு டிகிரி. ஈரமாக இறுகிக் கிடக்கும் மணலுக்கு நாலிலிருந்து ஆறு. மட்டை வாங்கும்போது 56 டிகிரியா 60 டிகிரியா என்று முகச்சாய்வை மட்டும் விசாரித்துவிட்டுப் பவுன்ஸைக் கேட்காமல் வருபவர், மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்டுவிட்டு வேலை எந்த ஊரில் என்று கேட்காமல் நிச்சயம் செய்தவருக்கு நிகர்.

செய்முறைக்கு வருவோம். மட்டையின் முகத்தை வானம் பார்க்கத் திறக்க வேண்டும். திறந்த பிறகுதான் பிடியைப் பிடிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் எல்லாம் போயிற்று. பிடித்த பிறகு மணிக்கட்டைத் திருப்பித் திறப்பவரின் முகம், அதாவது மட்டையின் முகம், அடிக்கும் நேரத்தில் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். முகம் திறந்தால் பவுன்ஸும் கூடும். மட்டை மணலில் மிதக்கும். பாதங்களை லேசாகத் திருகி மணலுக்குள் பதிக்க வேண்டும். பிடிமானம் மட்டும் அல்ல இதன் பயன். மணலை மட்டையால் தொட்டுச் சோதிக்க விதி அனுமதிப்பதில்லை. பாதம் வழியாக மணலின் ஆழத்தையும் ஈரத்தையும் அறிவது சட்டத்துக்கு உட்பட்ட உளவு. பந்து முன்காலுக்கு அருகே இருக்கட்டும், எடையும் முன்காலில் இருக்கட்டும். பிறகு பயப்படாமல் வீச வேண்டும்.

அந்தக் கடைசிச் சொற்றொடரில்தான் ஆராய்ச்சி முழுதும் அடங்கியிருக்கிறது. கொடி பத்து மீட்டர் தொலைவில் நிற்கிறது. அறிவு சொல்கிறது: கொஞ்சமாக அடி. மணல் சொல்கிறது: நான் உன் பந்தைவிட அதிக எடை, என்னையும் சேர்த்துத் தூக்கு. புல்லிலிருந்து இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தூரம் போவதற்கு எவ்வளவு வீச்சு வேண்டுமோ அவ்வளவு இங்கே வேண்டும். நம் ஆட்டக்காரர் அறிவின் பக்கம் சாய்கிறார். மட்டை கீழே வரும்போது, மணலுக்கு முன்னால், கை தயங்குகிறது. மட்டை மணலில் நின்றுவிடுகிறது. பந்து ஓர் அடி உருண்டு பழைய இடத்துக்கே வருகிறது. அடுத்த முறை கோபம். கோபத்தில் மணலை மறந்து பந்தையே அடிக்கிறார். அது கிரீனைத் தாண்டி எதிர்ப்புறத்துப் பங்கரில் இறங்குகிறது. அவரும் ரேக்கை எடுத்துக்கொண்டு கிரீனைச் சுற்றி நடக்கிறார். இந்த நடையின்போது உடன் ஆடுபவர்கள் அனைவருக்கும் தங்கள் ஷூ லேஸைக் கட்ட வேண்டிய அவசியம் ஏற்படுகிறது.

பந்து மணலில் பாதி புதைந்திருந்தால் மேலே சொன்னது செல்லாது. முகத்தைத் திறக்காமல் நேராகப் பிடித்து, செங்குத்தாக இறக்கி, கூரிய விளிம்பையே வேலை செய்யவிட வேண்டும். பந்து தாழ்வாக வந்து நெடுந்தூரம் உருளும். அதைத் தடுக்க வழியில்லை. குழியிலிருந்து வெளியே வந்ததே லாபம்.

முகம் மிகச் சாய்ந்த இவ்வகை மட்டைக்கு வெட்ஜ் என்று பெயர். மணல் இல்லாத இடத்தில் வெட்ஜ் ஆட்டம் கணக்கு வாத்தியாரின் பாடமாகிறது. நாசாவில் இயற்பியலாளராக இருந்து கோல்ஃபுக்கு வந்த டேவ் பெல்ஸ், இடக்கையைக் கடிகார முள்ளாகப் பாவித்து ஏழரை மணி, ஒன்பது மணி, பத்தரை மணி என மூன்று வீச்சுகளை வகுத்தார். நான்கு வெட்ஜ், மூன்று மணி. பன்னிரண்டு தூரங்கள் கைவசம். பாதித் தூரத்துக்குப் பாதிப் பலம் என்று மனம்போன போக்கில் அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். பையில் பதினான்கு மட்டைக்கு மேல் கூடாது என்பதால் நான்கு வெட்ஜ் வைப்பவர் வேறெதையாவது வீட்டில் விட்டுவர வேண்டும். அவரவருக்கு எது அதிகத் துரோகம் செய்கிறதோ அதை விட்டுவரலாம்.

வகைமாதிரிச் சான்றுகளுக்கு ராயல் ட்ரூனின் எட்டாம் குழியே போதும். தபால்தலை என்று பெயர் பெற்ற சின்னஞ்சிறு கிரீன், நீளம் 123 யார்டு, சுற்றிலும் பங்கர்கள். 1950 ஓப்பனில் ஜெர்மனியின் ஹெர்மன் டிஸ்ஸீஸ் ஒரு பங்கரிலிருந்து இன்னொன்றுக்கும் மறுபடி முதலாவதற்கும் போய்வந்து 15 ஸ்ட்ரோக்கில் முடித்தார். அந்தப் பதினைந்தில் கிரீனில் தட்டியது ஒன்றே ஒன்று. அதாவது புட்டிங்கில் அவருடைய ஆட்டம் குறை சொல்ல முடியாதது. 1973 ஓப்பனில் அதே குழிக்கு 71 வயது சாரசன் வந்தார். முதல் நாள் 5 அயர்ன் மட்டையால் ஒரே அடியில் துளைக்குள் போட்டார். மறுநாள் பந்து பங்கரில் விழுந்தது. தாம் ஈயம் ஒட்டிக் கண்டுபிடித்த மட்டையின் பேரன் பேத்திகள் உலகெங்கும் உலவிய அந்நாளில், மணலிலிருந்து அதை நேரே துளைக்குள் அனுப்பி இரண்டில் முடித்தார். இரண்டு நாளும் அந்தக் குழியில் புட்டரை அவர் தொடவில்லை.

செயின்ட் ஆண்ட்ரூஸின் 17ஆம் குழியில் எதிர்மறைச் சான்றுகள் மலிந்து கிடக்கின்றன. 1978 ஓப்பனில் டாமி நகாஜிமா இரண்டே அடியில் கிரீனில் இருந்தார். மெதுவாகத் தட்டிய பந்து சரிவில் உருண்டு பங்கருக்குள் போனது. வெளியே எடுக்க நான்கு ஸ்ட்ரோக், மொத்தம் ஒன்பது. 2000இல் அதே பங்கரில் டேவிட் டுவாலுக்கும் நான்கு. அதே 2000 போட்டியில் டைகர் உட்ஸ் நான்கு நாள், 72 குழிகள், ஒரு பங்கரிலும் பந்தை விடாமல் ஆடி எட்டு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். பங்கர் ஆட்டத்தின் உச்சம் இதுவே என்று வாதிடலாம்; ஆனால் அந்த வழியை ஏற்றுக்கொண்டால் இத்துறைக்கே வேலை இல்லாமல் போய்விடும்.

பங்கர் என்பது யாது என்னும் மெய்ப்பொருள் வினா 2010இல் எழுந்தது. இடம் விஸ்கான்சின் மாநிலத்து விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ். அங்கே ஆயிரத்துக்கு நெருக்கமான பங்கர்கள். பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியில் டஸ்டின் ஜான்சனின் பந்து கூட்டம் மிதித்துக் குழப்பிய ஒரு மண் திட்டில் கிடந்தது. மிதிபட்ட வெறும் தரை என்று எண்ணி மட்டையைத் தரையில் ஊன்றினார். அது பங்கர். பார்வையாளர்கள் நடமாடும் இடத்திலும் மணற்குழி மணற்குழியே என்று முன்பே அறிவிப்பு ஒட்டியிருந்தது. இரண்டு ஸ்ட்ரோக் அபராதம்; பிளேஆஃபில் ஆடும் வாய்ப்பு போயிற்று. தன்னைச் சுற்றி மணல் இருப்பதை அறியாதவன் பங்கரில் இருக்கிறானா என்று தத்துவ மாணவர் கேட்கலாம். விதிக்குழு தயங்கவில்லை.

2019இல் விதிகள் சற்றே இளகின. பங்கருக்குள் கிடக்கும் இலை, சுள்ளி, கல்லை இப்போது எடுத்து எறியலாம். ஆடவே முடியாதென்று தோன்றினால் இரண்டு ஸ்ட்ரோக் தண்டம் கட்டிப் பந்தை வெளியே வைத்தும் ஆடலாம். தீராமல் நிற்பது ரேக் பிரச்சினை. மணலைச் சமன்செய்யும் அந்த ரேக்கைப் பங்கருக்கு உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா? வெளியே வைப்பது மேல் என்று ஒரு பரிந்துரை இருக்கிறது. முழுத் தீர்வு இல்லை என்றும் அந்தப் பரிந்துரையே ஒப்புக்கொள்கிறது.

சமன்செய்யாமல் போனவர்களுள் மிகத் தொலைவில் போனவர் ஆலன் ஷெப்பர்ட். 1971 பிப்ரவரியில் அப்போலோ 14இல் நிலவுக்குச் சென்றவர், மண் மாதிரி அள்ளும் கருவியின் கைப்பிடியில் 6 அயர்ன் தலையை மாட்டி, விண்வெளி உடை இரு கையால் வீச இடம் தராததால் ஒற்றைக் கையால் பந்தை அடித்தார். மணற்குழி அடி ஒன்றை முயலப்போவதாகச் சொல்லிக்கொண்டேதான் ஆரம்பித்தார். முதல் வீச்சில் பந்தைவிடப் புழுதிதான் அதிகம் பறந்தது. மைல் கணக்கில் போனதாக அவர் அறிவித்த பந்து, பழைய படங்களைத் துலக்கி அளந்தபோது நாற்பது யார்டு போயிருந்தது. ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான் உள்ள இடத்தில் இது சுமாரான ஆட்டம். அவர் பூமிக்குத் திரும்பியதும் செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து, விதி வகுக்கும் ஆர் அண்ட் ஏ சங்கம் வாழ்த்துத் தந்தி அனுப்பியது. தந்தியின் பிற்பகுதியில், பங்கரை விட்டு நீங்கும் முன் ஆட்டக்காரர் தாம் உண்டாக்கிய குழிகளைக் கவனமாக நிரப்ப வேண்டும் என்ற ஒழுக்க விதியை, பத்தி எண்ணோடு நினைவூட்டியிருந்தார்கள்.