‘அவ்வளவுதான் தம்பி’: தேவை திரட்டல் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

மென்பொருள் எழுதத் தொடங்கும் முன் வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்து, ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டு எழுதிக்கொள்ளும் சடங்குக்குத் தேவை திரட்டல் என்று பெயர். துறையினர் ‘ரிக்வயர்மென்ட் எடுக்கிறது’ என்பர். இதை அரைநாள் வேலை என்று எண்ணுவோர் உண்டு. ஐபிஎம்மின் ஓஎஸ்/360 இயங்குதளத் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய பிரெட் புரூக்ஸ் அப்படி எண்ணவில்லை. எதைக் கட்டப்போகிறோம் என்று துல்லியமாக முடிவு செய்வதே மொத்த வேலையிலும் கடினமானது என்று 1986-இலேயே எழுதிவிட்டார். அதைப் படித்தவர்களும் அரைநாளுக்கு மேல் ஒதுக்குவதில்லை.

கருதுகோள்

வாடிக்கையாளர் சொல்வது மென்பொருளாகிறது. சொல்லாமல் விடுவது சண்டையாகிறது.

ஆய்வுக்களம்

பரிசோதனைக்கு ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். கடைக்கார அண்ணாச்சியின் தேவை ஒரே வரி: “பில் போடணும், ஸ்டாக் பார்க்கணும், அவ்வளவுதான் தம்பி.” மென்பொருள் எழுத வந்த தம்பி அதை நாலு பக்கமாக விரித்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார். மென்பொருள் வருகிறது. முதல் நாளே மாதச் சம்பளக்காரர்களின் பாக்கி நோட்டு எங்கே என்ற கேள்வி எழுகிறது. மறுநாள், மூட்டையாக வாங்கிய அரிசியை அரைக் கிலோவாக விற்க மென்பொருள் மறுக்கிறது. மூன்றாம் நாள் கறிவேப்பிலை. கொசுறாகக் கொடுத்தது எந்த பில்லிலும் இல்லை. ஆனால் ஸ்டாக்கில் குறைகிறது.

“இதையெல்லாம் நீங்க சொல்லவே இல்லையே அண்ணாச்சி!”

“இதைக்கூடவா தம்பி சொல்லணும்?”

இருவர் பக்கமும் நியாயம் உண்டு. வாடிக்கையாளர் எதிர்பார்க்கும் அம்சங்களை ஜப்பானியப் பேராசிரியர் நோரியாக்கி கானோ 1984-இல் வகைப்படுத்தினார். அவர் வகுத்தவற்றில் ஒன்று, இருந்தால் யாரும் பாராட்டாத, இல்லாவிட்டால் எல்லாரும் கோபப்படுகிற அம்சங்கள். அண்ணாச்சியின் கறிவேப்பிலை இந்த வகை.

வகைப்பாடு

தேவை மூன்று விதமாகக் கெடும். மூன்றுக்கும் கடையைவிடப் பெரிய இடங்களில் சான்று இருக்கிறது.

முதலாவது, சொல்லாமல் விட்டது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி, ஒரு நிமிடம் ஆவதற்குள் வெடித்துச் சிதறியது. அதன் திசையறி மென்பொருள் ஏரியன் 4-இலிருந்து வந்தது. புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் மிக அதிகம். அந்த எண்ணை 16 பிட் இடத்தில் திணிக்கப் பார்த்து மென்பொருள் நின்றுபோனது. ஏரியன் 5 பறக்கும் பாதையின் விவரத்தைத் தேவை ஆவணத்தில் சேர்க்க வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர்கள் கூடிப் பேசி ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்பது விசாரணையில் தெரியவந்தது. கறிவேப்பிலையை அண்ணாச்சி மறந்தார். இவர்களோ தீர்மானம் போட்டு விட்டார்கள்.

இரண்டாவது, சொல்லியும் நடக்காதது. நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கியபோது தொலைந்தது. உந்துவிசைக் கணக்கு நியூட்டன்-நொடியில் வர வேண்டும் என்று ஆவணம் தெளிவாகச் சொன்னது. தரையிலிருந்த மென்பொருள் பவுண்டு-நொடியில் கொடுத்தது. ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 4.45 மடங்கு வித்தியாசம். எழுதி வாங்குவது ஒரு வேலை, எழுதியதைப் படிப்பது வேறு வேலை என்பது இதனால் நிறுவப்படுகிறது.

மூன்றாவது, சொல்லிக்கொண்டே இருந்தது. அமெரிக்காவின் எஃப்பிஐ தன் வழக்குக் கோப்புகளைக் கணினியில் ஏற்ற ‘வர்ச்சுவல் கேஸ் ஃபைல்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. தேவை ஆவணம் 800 பக்கத்தைத் தாண்டியது. தாண்டியும் முடியவில்லை, வேலை நடக்க நடக்கத் தேவைகள் மாறிக்கொண்டே இருந்தன. சுமார் 17 கோடி டாலர் செலவான பிறகு 2005-இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். அண்ணாச்சிக்கு ஒரு வரி போதவில்லை, எஃப்பிஐக்கு 800 பக்கம் போதவில்லை. ஆகவே பக்க எண்ணிக்கைக்கும் தெளிவுக்கும் தொடர்பில்லை என்பது இவ்வாய்வின் துணை முடிவு.

முடிவும் பரிந்துரையும்

‘என்ன வேண்டும்?’ என்ற கேள்விக்கு வாடிக்கையாளரிடம் விடை இல்லை. தினமும் செய்கிற வேலையை யாரும் விவரித்துப் பழகியிருப்பதில்லை. அதனால் கேள்வித்தாளைக் கொடுப்பதைவிட ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் நின்று வேலையைப் பார்ப்பது மேல். பார்த்தபின், அரைகுறையாகவாவது எதையேனும் செய்து கண்ணில் காட்ட வேண்டும். ‘இது வேண்டாம்’ என்பதைச் சொல்ல யாருக்கும் பயிற்சி தேவையில்லை.

இதை எஃப்பிஐயே பின்னாளில் நிரூபித்தது. அடுத்து வந்த ‘சென்டினல்’ திட்டமும் இழுபறியானதும், 2010-இல் அந்த அமைப்பு வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. சிறு குழுவை வைத்து, துண்டு துண்டாகச் செய்து, பயன்படுத்துவோரிடம் அவ்வப்போது காட்டித் திருத்தியது. 2012 ஜூலையில் சென்டினல் பயன்பாட்டுக்கு வந்தது.