பதினெட்டு நிமிஷம் இருபது நொடி

என் வீட்டு மாடியில் இருப்பது 500 லிட்டர் டேங்க். அது நிரம்பி வழிகிற செய்தி முதலில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குத் தெரியும், பிறகு தெருவுக்கு, அப்புறம் என் மனைவிக்கு. பேப்பரும் கையுமாக ஈஸிசேரில் கிடக்கும் எனக்கு யாராவது வந்து சொன்னால்தான் உண்டு. ஆலையில் அரவை நடக்கிற மாதங்களில், எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டுக்குள் வருகிற கரும்பு டிராக்டர் சத்தத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்பதில்லை என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். அரவை முடிந்த மாதங்களுக்குத்தான் காரணம் கிடைக்கவில்லை.

இந்த அவப்பெயரைத் துடைக்கத்தான் சில வருஷம் முன்பு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு டைமர் கிட் வாங்கி வந்து நானே பற்றவைத்தேன். நடுவில் எட்டுக் காலோடு ஒரு கறுப்புப் பூச்சி: 555 ஐ.சி. பட்டனை அமுக்கினால் ரிலே 'டக்' என்று பிடிக்கும். 18 நிமிஷம் 20 நொடி கழித்து விட்டுவிடும். "மோட்டார் கெளம்பும்போது அஞ்சாறு மடங்கு கரண்ட் இழுக்கும், இந்தச் சின்ன ரிலே ஒட்டிக்கும். நடுவுல ஒரு கான்டாக்டர் வைக்கணும்ணே" என்றான் எலக்ட்ரிஷியன் தம்பி. "நாம என்ன ரோடா போடப்போறோம், கான்ட்ராக்டர் எதுக்கு?" என்று நான் கேட்டதை அவன் இன்னும் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பழைய அரை எச்.பி. மோட்டாருக்கு அந்த நேரம் அளவெடுத்துத் தைத்த சட்டை. அது காயில் கருகி, போன வருஷம் ஒரு எச்.பி. மோட்டார் வந்தது. புதியவர் ஏழேகால் நிமிஷத்தில் டேங்க்கை நிரப்பிவிடுகிறார். மீதிப் பதினோரு நிமிஷமும் வழிகிற குழாய் பெரியம்மா வீட்டுப் பக்கம் கொட்டும். தென்பெண்ணை ஊர் ஓரமாகத்தான் போகிறது என்று நினைப்பவர்கள் எங்கள் தெருவை வந்து பார்த்திருக்க வேண்டும். எழுந்து போய் சுவிட்சை அணைக்கலாம். ஆனால் டைமர் வைத்திருப்பவன் எழுந்து போனால் டைமருக்கு என்ன மரியாதை?

எட்டு மாதம் யோசித்தேன். ஒருநாள் பெரியம்மா காயப்போட்டிருந்த மல்லாட்டை மொத்தமும் நனைந்தது. "சாத்தனூர் டேம்ல தண்ணி தொறந்தாகூட முன்னாடியே சொல்றாங்கப்பா, நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார். அன்றே போர்டைக் கழற்றினேன். வயரைப் பிடுங்கிவிட்டுத்தான், அந்த மட்டும் புத்தி உண்டு.

நேரத்தைக் குறைப்பது கேட்க எளிது. போர்டில் ஒரு கண்டன்சர், அதற்குக் கரண்ட்டை அளந்து விடுகிற ஒரு ரெசிஸ்டர். கண்டன்சர் நிரம்பிக்கொண்டே வந்து, சப்ளையில் மூன்றில் இரண்டு பங்கு வோல்ட்டைத் தொட்டதும் (12 வோல்ட்டில் 8) ஐ.சி. ரிலேயை விட்டுவிடும். இரண்டு மதிப்பையும் பெருக்கி, 1.1-ஆல் மறுபடி பெருக்கினால் நொடிக்கணக்கு. என்னிடம் இருந்தது 1 மெகா ஓம், 1000 மைக்ரோஃபாரட். ஆக 1100 நொடி.

இந்த ஐ.சி.யை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் காமன்சிண்ட். அமெரிக்காவின் சிக்னெடிக்ஸ் கம்பெனிக்காக, 1971-ல். உள்ளே மூன்று 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருப்பதால்தான் 555 என்று நானும் பல பேரிடம் அளந்திருக்கிறேன். அது கம்பெனியின் விற்பனைப் பக்கத்து ஆள் வைத்த நம்பர் என்று அவரே சொல்லிவிட்டார். அவருடைய முதல் வரைபடத்துக்கு ஒன்பது கால் தேவைப்பட்டது. பிறகு யோசித்து எட்டாகக் குறைத்தார். குறைக்கத் தெரிந்த மனிதர்.

எனக்கோ குறைப்பதென்றாலும் எதையாவது சேர்த்துத்தான் பழக்கம். தொப்பையைக் குறைக்கக் காலையில் தேன் சேர்த்தவன் நான். அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்தால் வேலை பாதி நேரத்தில் முடியாதா? இருந்த கண்டன்சருக்குப் பக்கத்திலேயே இன்னொரு 1000-ஐப் பற்றவைத்தேன். பட்டனை அமுக்கிவிட்டு, வேலை முடிந்த தெம்பில் டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. முதல் நாள் நனைந்த மல்லாட்டை இப்போது ஊறியிருந்தது. மோட்டார் ஓடியது 36 நிமிஷம் 40 நொடி.

"ஒரு அண்டாவுக்குப் பக்கத்துல இன்னொரு அண்டாவ வச்சு அடியில குழா போட்டா, ரெண்டும் ரொம்ப எவ்ளோ நேரம் ஆவும்ணே?" என்று கேட்டான் எலக்ட்ரிஷியன் தம்பி. பதில் சொல்லாமல் டீக்குக் காசு கொடுத்தேன். ரெசிஸ்டர் இதற்கு நேர்மாறாம். பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்தால் கரண்ட்டுக்கு இரண்டு வழி கிடைத்து, மொத்த மதிப்பு குறையும். சேர்த்தால் குறைகிறது! இந்த உலகில் எனக்கென்றே ஒரு பொருள் இருந்திருக்கிறது, இத்தனை நாள் தெரியவில்லை. "ஒரு வால்யூம் கண்ட்ரோல் போட்டுட்டா வேணும்ங்கற நேரத்துக்குத் திருகிக்கலாமே" என்றான். அப்படிப் போட்டால் என் மனைவியே திருகிவிடுவாள், நான் எதற்கு என்று வேண்டாம் என்றேன்.

இரண்டாவது கண்டன்சரைக் கழற்றி வைத்தேன். கணக்குப்படி, இருக்கிற 1 மெகா ஓமுக்குப் பக்கத்தில் 680 கிலோ ஓம் வேண்டும். அதன் மேல் நிறக்கோடு நீலம், சாம்பல், மஞ்சள். சாயங்காலம் டியூப்லைட் வெளிச்சத்தில் டப்பாவைக் கிளறி எடுத்துப் பற்றவைத்தேன். மறுநாள் காலை மோட்டார் போட்ட வேகத்தில் நின்றது. என்ன அமைதி! ஒரு சொட்டு வழியவில்லை. அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு குளியலறையிலிருந்து "ஏங்க!" என்று ஒரு சத்தம். முப்பது வருஷமாக அந்தச் சொல்லை எத்தனையோ சுருதியில் கேட்டிருக்கிறேன், இது புதிது. தலை நிறையச் சீயக்காய், குழாயில் காற்று. நான் மஞ்சள் என்று எடுத்தது ஆரஞ்சு. 68 கிலோ ஓம். மோட்டார் ஓடியது 70 நொடி, ஏறியது எண்பது லிட்டர். அதில் பெரும்பகுதியை அவளுக்கு முன்னால் குளித்த நான் காலி செய்திருந்தேன்.

மூன்றாவது தடவை வெயிலில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டு, பேரனிடம் நிறம் கேட்டுப் பற்றவைத்தேன். இப்போது 7 நிமிஷம் 25 நொடி. இந்த வகைக் கண்டன்சரில் எழுதியிருக்கும் அளவு இருபது சதவீதம் முன்னே பின்னே இருக்கும் என்பார்கள். என்னுடையது சொன்ன சொல் தவறவில்லை. வீட்டில் அது ஒன்றாவது இருக்கட்டும். கடைசிப் பத்து நொடி மட்டும் லேசாக வழியும்.

ஒரு மாதம் போனது. வாசலில் பெரியம்மா வந்து நின்றார். மல்லாட்டை அப்போது இல்லை, அதனால் தைரியமாகவே எழுந்தேன்.

"ஏம்பா, இப்பல்லாம் உங்க டேங்க் வழியறதே இல்லியா? அந்தத் தண்ணியிலதான் எங்க வாழ தழைஞ்சு நின்னுச்சு. தார் தள்ளுற நேரத்துல இப்படி வாட விட்டுட்டியே!"

கழற்றி வைத்த அந்த இரண்டாவது கண்டன்சர் எந்த டப்பாவில் கிடக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.