அடிபடவென்று ஒரு பேஸ்

சிகாகோவில் வெள்ளி, சனி இரவுகளில் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தை வாசித்துச் சம்பாதிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீட்டில் அவருக்குப் பழைய ஜெர்மன் பேஸ் ஒன்று உண்டு. முன்பலகை ஸ்ப்ரூஸ், முதுகும் விலாவும் மேப்பிள்; முன்னும் பின்னும் கையால் செதுக்கியவை. புதுக் கார் வாங்கவென்று சேர்த்த பணம் அதில் போயிருக்கிறது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடத் தொடங்கினால் வீட்டுக் காற்று வறண்டு, மரம் சுருங்கி, ரேகை பிடித்துப் பிளந்துவிடும். அதற்காக டாம்பிட் என்ற ஓட்டை போட்ட பச்சை ரப்பர் குழாயை நனைத்து, பிழிந்து, துடைத்து, பேஸின் வயிற்றுக்குள் தொங்கவிடுவார். பிள்ளைகளுக்குச் சளி பிடித்தபோது இவ்வளவு கவனித்தாரா என்று அவர் மனைவியைக் கேட்டால் தெரியும்.

இந்தப் பேஸைத்தான் அவர் மதுக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். ஆறடி உயரம், பத்துக் கிலோ. மேடை என்று அங்கே சொல்வது, இரண்டு மேஜைகளை நகர்த்திய இடம். பீர் சிந்திய தரையில் பேஸின் அடிமுள் வழுக்கும். டிரம்மர் திரும்பினால் சிம்பல் ஸ்டாண்டு சாயும். இடைவேளையில் கழிப்பறைக்கு வழி தேடுகிறவர் போகிற போக்கில் இடுப்பால் ஓர் இடி கொடுப்பார். அடுத்த வாரம் புல்வெளியில் கல்யாணம். வானம் வேறு மூட்டமாக இருக்கும். கைக்கு வருவது நூறு டாலர்.

ஒரு நாள் முடிவெடுக்கிறார். "அடிபடவென்று மலிவா ஒண்ணு வாங்கிப் போடணும். அதைப் பத்திக் கவலையே படக்கூடாது."

அன்றிலிருந்து ஆறு மாதம் அவருக்குத் தூக்கம் கிடையாது.

புதிதாக, அட்டைப்பெட்டியில், எழுநூறு டாலருக்கு வருவதும் உண்டு. அதைப் பேஸ்காரர்கள் பேஸ் என்பதில்லை, 'பேஸ் வடிவத்தில் ஒரு பொருள்' என்பார்கள். மூன்று மாதத்தில் கழுத்து வளைந்து, தந்தி, விரல்பலகையிலிருந்து விரல் உயரத்துக்கு எழும்பி நிற்கும். அதை ஒதுக்கிவிடுகிறார். அடுத்து அலுமினியம் மேல் ஆசை வருகிறது. வேடிக்கையில்லை, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அல்கோவா கம்பெனி பஃபலோ நகரில் அலுமினியத்தில் பேஸ் செய்து விற்றது. பிளக்காது, நெளியத்தான் செய்யும். அதன்மேல் மரத்தைப் போலவே ரேகை வரைந்து பெயின்ட் அடித்தும் கொடுத்தார்கள்! அண்டாவுக்குத் தேக்கு வேஷம். ஆனால் செய்ததே சில நூறு என்பதால், இன்று அது கிடைக்கிறவர் கண்ணாடிப் பெட்டியில் வைப்பாரே தவிர பீர் கடைக்குக் கொண்டுபோக மாட்டார்.

கடைசியில் எல்லோரும் வந்து சேருமிடம் பிளைவுட். மெல்லிய தகடுகளை ரேகை குறுக்கு மறுக்காக ஒட்டியது. எந்தப் பக்கமும் பிளக்க வழியில்லை. இதில் பெரிய பெயர் கே என்ற கம்பெனி. அதே சிகாகோவில் 1937 முதல் முப்பது வருஷத்துக்கு மேல் செய்தார்கள். பள்ளிக்கூடங்களுக்கும் நடனக் குழுக்களுக்கும் போனது. பாடகர் எல்விஸ் பிரெஸ்லியோடு ஆரம்ப காலத்தில் வாசித்த பில் பிளாக், ஒரு கே பேஸைத்தான் குதிரை மாதிரி காலிடுக்கில் போட்டு மேடையில் ஓட்டினார். அந்தப் பேஸ் இப்போது பால் மெக்கார்ட்னியிடம் இருக்கிறது. மனைவி லிண்டா பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது. இப்படி ராஜமரியாதை கிடைத்த சாமான் மலிவாக இருக்குமா? அடிபடுவதற்காகப் பிறந்த கே பேஸுக்கு இன்று இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் கேட்கிறார்கள். அந்தத் தொழிலை ஏற்று நடத்திய எங்கல்ஹார்ட் செய்த பழைய பேஸ் கிடைத்தால் பரவாயில்லை என்று நம்மவர் இறங்கி வருகிறார்.

ஒன்று அகப்படுகிறது. புறநகரில் ஒரு கார் ஷெட்; மகன் பள்ளியில் வாசித்ததாம், இப்போது வக்கீலாம். ஆயிரத்து இருநூறு டாலர். "முக்கால் சைஸ்தான், பையனுக்கு வாங்கினது" என்று விற்பவர் மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொல்கிறார். உலகத்தில் பெரியவர்கள் வாசிப்பதும் பெரும்பாலும் முக்கால்தான் என்பதை நம்மவர் சொல்லவில்லை. விலை குறையும்போது குறுக்கே பேசுவானேன்?

தானம் வந்த மாட்டுக்குத்தான் பல்லைப் பார்க்கக்கூடாது. இது சந்தை மாடு. முதலில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து வழியாக நோட்டம். விரல்பலகை நடுவில் லேசாகக் குழிந்திருக்கலாம், மேடு தட்டக்கூடாது. பிறகு தந்திக்கு அடியில் நகத்தால் ஒரு கீறல்: கருங்காலியா, கறுப்புச் சாயம் பூசிய வேறு மரமா? சாயம்தான். அடுத்து, விரல்முட்டியால் ஓரமெல்லாம் தட்டிக்கொண்டே ஒரு பிரதட்சிணம். பசை விட்ட இடத்தில் 'டொக்' என்பது 'டொர்ர்' என்று மாறும். இடது விலாவில் மாறியது. முகத்தைச் சுளிக்கிறார், உள்ளுக்குள் சந்தோஷம், ஐம்பது டாலர் குறைக்கலாம். செல்போன் விளக்கை எஃப் வடிவத் துளைக்குள் விட்டுப் பார்த்தால், உள்ளே ஒரு பென்சில், ஒரு சூயிங்கம் காகிதம், முன்பலகைக்கும் முதுகுக்கும் இடையில் நிற்கவேண்டிய, இப்போது கீழே உருண்டு கிடக்கிற சவுண்ட்போஸ்ட் குச்சி. எத்தனையோ வருஷம் முன்னால் தந்திகளை மொத்தமாகத் தளர்த்தியிருக்கிறார்கள். அந்தக் குச்சிக்கு ஆணியும் கிடையாது, பசையும் கிடையாது. அழுத்தம் போனால் விழவேண்டியதுதான். கழுத்து சேருமிடத்தில் ஒரு தடித்த போல்ட்டு. செதுக்கிய பேஸில் இதைக் கண்டால் துக்கம் விசாரிப்பார்கள். இங்கே நம்மவருக்கு அது நற்சகுனம். ஒருமுறை உடைந்து போல்ட்டு போட்ட கழுத்து இனி எதற்கு உடையப்போகிறது?

ஆயிரத்து நூறுக்கு முடிகிறது. ஸ்டேஷன் வேகனில் சீட்டுகளை மடக்கி, கழுத்து முன்கண்ணாடியைத் தொடுகிற மாதிரி படுக்கவைத்து வீடு வருகிறார். அதற்கப்புறம் பழுதுபார்ப்பவர் எழுதிக் கொடுத்த சீட்டு: பலகை சீவ, பிரிட்ஜ் பொருத்த, சவுண்ட்போஸ்ட் வெட்ட, விலா ஒட்ட. கூடவே ஒரு செட் ஸ்பைரோகோர் தந்தி, ஒரு பிக்கப். கூட்டிப் பார்த்தால் மலிவுப் பேஸ் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. மனைவியிடம் சொன்ன கணக்கு வேறு.

போகட்டும், மதுக்கூடத்தில் நிம்மதியாக வாசிக்கலாம் என்று பார்த்தால், அவர் எதிர்பாராத ஒன்று நடக்கிறது. ஜெர்மன் பேஸை இரவல் கேட்க ஊரில் ஒருவருக்கும் வாய் வந்ததில்லை. இப்போதோ தொலைபேசி ஓய்வதில்லை. "சனிக்கிழமை ஒரு ராக்கபில்லி கச்சேரி இருக்கு. உங்ககிட்டதான் ரெண்டு இருக்கே, அந்த மட்டப் பேஸைக் குடுங்களேன்." மறுக்கக் காரணம் கிடையாது. அடிபடவென்று வாங்கியதாக ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

கொடுக்கிறார். சனிக்கிழமை இரவு அவருக்குக் கச்சேரி இல்லை. ஆனாலும் எட்டு மணிக்கே அந்த மதுக்கூடத்தில் முன்மேஜையைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். மேடையில் இருப்பவன் பேஸ் மேல் ஏறி நின்று வாசிக்கிற ரகம். மூன்றாவது பாட்டில் அவன் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டுவதைப் பார்த்ததும், நம்மவர் கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து நிற்கிறார்.