ஜூன் மாதத் திருப்பள்ளியெழுச்சி

மார்கழியில் பெருமாளை எழுப்பப் பத்துப் பாசுரம் போதும். ஜூனில் பத்தாம் வகுப்புப் பிள்ளையை எழுப்ப மின்விசிறியை நிறுத்தி, போர்வையை உருவி, தாத்தா விடியற்காலை நாலு மணிக்கே எழுந்த வரலாற்றை உரத்த குரலில் ஓத வேண்டும். ஏப்ரல், மே முழுக்க ஐபிஎல்லும் கைபேசியும் நள்ளிரவு தாண்டியும் ஓடியபோது யாரும் வாய் திறக்கவில்லை. பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்து ஆணை பிறக்கிறது: "தூங்குடா!"

உடல் கடிகாரத்துக்கு ஆணை புரியாது. அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் வீடுகளில் அதற்குப் பெயர் திமிர். பதின்ம வயதில் மெலடோனின் சுரப்பதே தாமதமாகிறது, பாவம். பத்து நாள் முன்பிருந்தே எழும் நேரத்தைக் கால் மணி, கால் மணியாக முன்னுக்கு இழுத்து, காலை வெளிச்சத்தில் நிற்கவைத்தால் கடிகாரம் வழிக்கு வரும். (வெயிலுக்கா நம்மூரில் பஞ்சம்?)

கலிபோர்னியாவில் 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாதென்று சட்டம். இங்கே எட்டரைக்குள் சிறப்பு வகுப்பே முடிந்துவிடும். ஆறே முக்காலுக்கு வேன் வந்துவிடுகிறது. மிச்சத் தூக்கம் அதில்தான், கணக்குப் பாடவேளை வரும்வரை.